வளவில் ஆவாரை வளர்ப்போம்: மட்டக்களப்பு, அம்பாறைத் தோட்டக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரை கழிந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் நம் பக்கத்து வளவுகள் காய்ந்து போகும். கிணற்றில் நீர் இறங்கும், பூஞ்செடிகள் வாடும், வண்டும் வண்ணத்துப்பூச்சியும் குறையும். அந்த மாதங்களிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி ஆவாரை. நம் மண்ணுக்கே உரியது. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது. பல ஆண்டு நிற்கும். வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் இந்தச் செடி பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பூச்சிகளுக்காக நடுவதுதான் இங்கே முதல் நோக்கம், மருந்துப் பேச்சு கடைசியில் கொஞ்சம் வரும்.

ஆவாரையை எப்படி அடையாளம் காண்பது? மஞ்சள் பூப் பூக்கும் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே.

பூவைப் பார்க்காதீர்கள், இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காது மடலைப் போல அகலமான இரண்டு சிறு இலைச்செதில்கள் இருக்கும். செடி வளர்ந்த பிறகும் அவை உதிராமல் நிற்கும். சென்னா ஆரிகுலாட்டா என்ற அறிவியல் பெயர் வந்ததும் அந்தக் காதுகளால்தான். முன்பு காசியா ஆரிகுலாட்டா என்றார்கள், பழைய நூல்களில் அப்படித்தான் இருக்கும். சிங்களத்தில் ரணவரா.

ஆளுயரம், அதற்குச் சற்றுக் கூட வளரும் புதர் இது. பட்டை செம்பழுப்பு. ஒரு இலையில் எட்டு முதல் பன்னிரண்டு சோடி வரை சிற்றிலைகள் இருக்கும். காய் தட்டையாக, கடதாசி போல மெல்லியதாக, ஒரு விரல் நீளத்தில் தொங்கும்.

கொன்றை மரமாக வளரும், அதன் பூ சரமாகத் தொங்கும், காய் தடிபோல உருண்டு நீண்டிருக்கும். தகரை முழங்கால் உயரக் களை, அதற்கு இரண்டு மூன்று சோடிச் சிற்றிலைகளே உண்டு. பேயாவாரைக்கு நாலைந்து சோடி, இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வரும். மெழுகுதிரி போல நிமிர்ந்த பூக்கதிர் உள்ள வண்டுகொல்லி அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, நம் செடி இல்லை.

உண்மையிலேயே இது நம் நாட்டுச் செடியா?

ஆம். இலங்கை, இந்தியா, மியன்மார் ஆகியவற்றின் வறண்ட பகுதிகளில் இயற்கையாக வளர்வது. பொத்துவிலைத் தாண்டிப் பாணமை, குமனப் பக்கம் போனவர்கள் பற்றைக்காட்டு ஓரங்களில் பார்த்திருப்பார்கள். யாரும் நீர் விடாமல் அங்கே தானாக வளர்கிறது.

நான் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். ஆவாரை நட்டால் தேன் கூடுமா?

கூடாது. ஆவாரம்பூவில் தேன் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூ பெரிதாக, பளிச்சென்று இருப்பதால் தேன் நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பூ கொடுப்பது மகரந்தம் மட்டும். மகரந்தம் என்றால் குறைந்த சாமான் என்று எண்ணவேண்டாம். தேன் பூச்சிக்குப் பறக்கப் பலம் தருவது. குஞ்சு வளரப் புரதம் வேண்டும், அது மகரந்தத்தில்தான் இருக்கிறது.

அந்த மகரந்தத்தையும் ஆவாரை சும்மா அள்ளிக் கொடுப்பதில்லை. வேறு பூக்களில் மகரந்தப் பை வெடித்துத் தூள் வெளியே கிடக்கும், எந்தப் பூச்சியும் தடவிக்கொண்டு போகலாம். ஆவாரையில் பை மூடியே இருக்கும். நுனியில் மட்டும் சிறு துளை உண்டு. வண்டு வந்து பையைப் பிடித்து, உடலை வளைத்து, சிறகை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் வேகமாக அதிரச் செய்யும். அந்த அதிர்வில் உப்புக் குடுவையைக் குலுக்கினால் உப்பு விழுவதைப் போலத் தூள் துளை வழியே வெளியே தெறிக்கும். காலையில் செடிக்குப் பக்கத்தில் நின்றால் காதாலேயே கேட்கலாம். பறக்கும்போது உள்ள இரைச்சல் ஒன்று, பூவில் இருந்து அதிரும்போது அதைவிட உச்சமான ஒரு கீச்சொலி.

பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. மலைத்தேனீயும் சிறிய தேனீக்களும் வந்து இதழில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கும். ஆனால் அசல் வேலைக்காரர் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும்தான்.

அவை எப்படி இருக்கும்?

கருவண்டு பெரியது, கன்னங்கரேலென்று, வெயிலில் சிறகு நீலமாக மினுங்கும். காய்ந்த மரத்தில் வட்டமாகத் துளை போட்டுக் குடியிருக்கும் வண்டு அதுதான், தச்சன் வண்டு என்றாலும் அதே. நீலப்பட்டைத் தேனீ பெட்டித் தேனீயை விடச் சற்றுப் பருமன், வயிற்றில் வெளிர்நீலக் கோடுகள். ஒரு இடத்தில் நிற்காது. அமெகில்லா என்பது அதன் இனப்பெயர். இவை கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு பொந்து அமைத்து, தானே மகரந்தம் கொண்டுவந்து தன் குஞ்சுகளை வளர்க்கும்.

இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் உண்டு. அவற்றில் நாம் பேர் சொல்லிப் பேசுவது நாலைந்தைத்தான். மிச்சத்தில் பெரும்பாலானவை இப்படித் தனியாக வாழ்பவை. அவற்றுக்குப் பெட்டி கட்ட ஆளில்லை, பூ நட்டுக் கொடுக்கவும் ஆளில்லை. ஆவாரை நடச் சொல்வதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம்.

பூச்சிக்கு நல்லது, சரி. எங்கள் தோட்டத்துக்கு என்ன பயன்?

கத்தரி போடுகிறீர்களா? கத்தரிப் பூவைப் பிடுங்கி நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்பைப் பாருங்கள். அதன் மகரந்தப் பைகளும் நுனித்துளை உள்ளவைதான். தக்காளியிலும் அதே முறை, சுண்டங்கத்தரியிலும் அதே முறை. தக்காளி காற்று ஆட்டினாலும் ஓரளவு தானே காய்க்கும். கத்தரி அதிரச் செய்யும் வண்டு வந்து போனால் கூடுதலாகப் பிடிக்கும், காயும் நன்றாகத் திரளும். எத்தனை தேன்பெட்டி வைத்தாலும் கத்தரிக்கு இந்த வேலை சரியாக நடக்காது.

சிக்கல் என்னவென்றால், கத்தரி பூக்கும் காலத்துக்கு மட்டும் இந்த வண்டுகளை வரவழைக்க முடியாது. அவை வருடம் முழுதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ வேண்டும். பயிர் இல்லாத மாதத்திலும் மகரந்தம் கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை வரும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் மாரி வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு வயல்வெளி வெறும் ஒட்டு. நெல்லும் பூச்சியை நம்பிக் காய்க்கும் பயிர் இல்லை, அதனிடம் வண்டுக்கு எதிர்பார்க்க அதிகமில்லை. அந்த இடைவெளியைக் காட்டுச் செடிகள் நிரப்பின. தரிசுகளைத் துப்புரவாக்கி, வேலிகளை மதிலாக்கி அவற்றை நாமே குறைத்துவிட்டோம். வேலியோரத்தில் நிற்கும் நாலு ஆவாரை அந்த இடைவெளியில் கொஞ்சத்தை அடைக்கும்.

பூசணி, பாகல், வெள்ளரிக்கு வேறு கதை. அவற்றுக்குப் பெட்டித் தேனீயும் வரும், கொசுத்தேனீயும் வரும். இவற்றை மட்டும் போடுபவர் ஆவாரையை விடத் தேன்தரும் செடிகளை முதலில் நடுவது நல்லது.

அப்படியானால் ஆவாரை மட்டும் நட்டால் போதாதா?

போதாது. மகரந்தம் ஆவாரையில், தேன் வேறு எங்காவது. கருவண்டுக்கும் குடிக்கத் தேன் வேண்டும். அதனால் பக்கத்தில் தேன் உள்ள ஒன்றிரண்டை வையுங்கள்.

என் முதல் தெரிவு நொச்சி. அதுவும் பல்லாண்டுப் புதர், வறட்சி தாங்கும், தடி நட்டாலே வரும், ஊதா நிறக் கதிரில் எந்நேரமும் ஏதாவது ஒரு தேனீ இருக்கும். துளசி எல்லார் வீட்டிலும் உண்டு, பூவைக் கிள்ளிவிடாமல் ஒரு பாத்தியையாவது பூக்க விடுங்கள். மாரியில் தானே முளைக்கும் தும்பையைக் களையென்று சுத்தமாகப் பிடுங்காமல் ஒரு மூலையில் விட்டுவைத்தால் அதன் வெள்ளைப் பூவுக்குச் சிறிய தேனீக்கள் வரும். வளவில் வேம்பு நின்றால் அதுவும் தன் பூக்காலத்தில் பெரிய உதவி.

கடலோரத்தில், கல்லடி தொடங்கித் திருக்கோவில் வரைக்கும் வெறும் குருமணலில் வீடு உள்ளவர்களுக்கு அடம்பன் கொடியைச் சொல்வேன். உப்புக்காற்று, சுடுமணல் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஊதாப் பூ காலையில் விரிந்து வெயில் ஏற வாடும், அதற்குள் வண்டுகள் வந்து போய்விடும். மணலையும் கட்டிப் பிடிக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்தக் கொடியைப் பார்த்துத்தான்.

எருக்கலையும் நல்ல செடி. கருவண்டு அதற்கு அடிக்கடி வரும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய கேடு. சின்னப் பிள்ளைகள் விளையாடும் வளவில் வைக்க வேண்டாம்.

எங்கள் மண்ணுக்குச் சரி வருமா?

ஆவாரைக்கு இரண்டே கட்டளை: முழு வெயில், தேங்காத தண்ணீர். மண் மெலிந்ததா கொழுத்ததா என்று பார்க்காது. மணல், சரளை, செம்பாட்டு மண், உழுது கைவிட்ட மேட்டுத்தரிசு எல்லாவற்றிலும் வரும். நிழலில் வைத்தால் உயிரோடு இருக்கும், பூக்காது. தென்னை நெருங்கிய வளவில் வெயில் விழும் ஓரம் எதுவென்று பார்த்து வையுங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் பெரும்பாலும் மணல். தண்ணீர் உடனே வடிந்துவிடும் என்பதால் ஆவாரைக்குப் பயமில்லை. முதல் வருடத்தில் மணல் சூடேறிக் கன்று வாடும், அதற்கு மட்டும் குழியில் கொஞ்சம் மக்கிய சருகு சேர்த்துவிடலாம்.

படுவான்கரையில் கவனம் வேண்டும். வயலை அண்டிய வளவுகளில் மண் களிப்பு, மாரியில் நாட்கணக்கில் நீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு வேண்டாம், ஒரு வாரம் வேரில் நீர் கட்டினாலே இளங்கன்று அழுகும். அப்படியான இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மண்ணை அணைத்து மேடு கட்டி, மேட்டின் உச்சியில் நடுங்கள். கிணற்றுக் கட்டைச் சுற்றியுள்ள உயர்ந்த இடம், ரோட்டோர வேலிமேடு, குளக்கட்டின் சரிவை ஒட்டிய சொந்தக் காணி என்பவை தோதானவை. குளக்கட்டின் மேலேயே நடாதீர்கள், வேர் கட்டுக்கு ஆகாது.

எப்போது விதைக்க வேண்டும்?

மேட்டு நிலமென்றால் செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுவுக்குள், முதல் மழைக்கு முன்னால் நேரே நிலத்தில். வடகீழ்ப் பருவமழைதான் நமக்கு மழை. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைக்கும் வருடத்தின் பெரும்பங்கு கொட்டிவிடும். அந்த ஈரத்தில் ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுக்கு அடுத்த கோடையைத் தாங்கும்.

தாழ்ந்த நிலமென்றால் ஒக்டோபரில் பொலித்தீன் பையில் போட்டு, இறவாணத்துக்கு வெளியே வெயில் படும் இடத்தில் வைத்து வளர்த்து, பெருமழை ஓய்ந்த கையோடு ஜனவரியில் நடுங்கள். பெப்ரவரி தாண்ட விடாதீர்கள். மார்ச்சுக்குப் பிறகு நட்ட கன்றுக்குக் கோடை முழுதும் நீங்கள்தான் வாளி தூக்க வேண்டும்.

விதை போட்டேன், முளைக்கவே இல்லை. ஏன்?

விதைத்தோல் கடினம். தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டுத் தோல் மெலியச் சில பருவங்கள் ஆகலாம், நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதி அடங்கியதும் விதையைப் போட்டு மூடி, இரவு முழுவதும் அப்படியே ஆற விடுங்கள். விதையைப் போட்டு அடுப்பில் வேகவைக்கக் கூடாது. காலையில் பார்த்தால் சில விதைகள் ஊதிப் பருத்திருக்கும், அவற்றை அன்றே விதையுங்கள். பருக்காதவற்றை மண்தாளில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்துத் தோலின் உட்பக்கம் இலேசாகத் தெரிந்ததும் மறுபடி சாதாரண நீரில் ஊற வையுங்கள். தேய்க்கும்போது விதையின் முளைக்குழிப் பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கத்தில் தேய்க்க வேண்டும்.

ஊறவைக்கும் முன்பே விதைகளைக் கையில் பரப்பி, குண்டூசித் துளை உள்ளவற்றைக் கழித்துவிடுங்கள். விதை தின்னும் வேறொரு சிறு வண்டு அதற்குள் தின்று முடித்திருக்கும்.

ஒரு விரல்நுனி ஆழம் போதும். ஒரு குழிக்கு மூன்று விதை. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளை காணும், நல்ல ஒன்றை விட்டு மற்றவற்றை நுனியோடு கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

ரோட்டோரத்தில் நிற்கும் கன்றைக் கிண்டி எடுத்து வந்து நடலாமா?

வேண்டாம். ஆணிவேர் அறுந்துவிடும், பெரும்பாலும் சாகும். விதையே வழி. பையில் வளர்ப்பவர்களும் வேர் அடியில் சுருளும் முன் நட்டுவிட வேண்டும், அதனால் அகலப் பையை விட உயரமான பை நல்லது.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம்?

முதல் கோடையில் வாரம் ஒருமுறை, அடிவேர் நனையும்படி ஒரு வாளி. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் கோடையில் இலை சோர்ந்தால் மட்டும். அதன் பிறகு ஒன்றும் வேண்டாம்.

உரம் வேண்டியதில்லை. யூரியா போட்டால் இலை மதமதவென்று வரும், பூ குறையும். அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் என்று சிலர் சொல்வதுண்டு. இந்தச் சென்னா இனத்துச் செடிகள் அநேகமாக வேர்முடிச்சு வைப்பதில்லை. அந்த எண்ணத்தோடு நடுபவர் கிளிரிசிடியாவை நடலாம்.

பச்சைப் புழுக்கள் இலையைத் தின்று மொட்டையாக்குகின்றன. என்ன மருந்து?

மருந்து வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அவை வண்ணத்துப்பூச்சியின் குழந்தைகள்.

வெளிர்மஞ்சளும் பச்சை கலந்த வெள்ளையுமாய் விரைந்து பறக்கும் கற்றொப்சிலியா இனத்து வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரையிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான் முட்டை இடும். சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று, யூரிமா இனம், அதுவும் இடும். பூவுக்கு வரும் பூச்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதன் புழுவுக்கு இலை கொடுக்க ஆயத்தமாக இருப்பவர் குறைவு. புழு இல்லாமல் வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும்?

வருடத்தின் முற்பகுதியில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று நாடெங்கும் சொல்வார்கள். அந்தக் கூட்டங்களில் அதிகம் இருப்பவை இந்தக் கற்றொப்சிலியாக்கள்தான். அவற்றில் சில உங்கள் வேலியோர ஆவாரையில் பிறந்தவையாக இருக்கலாம்.

மொட்டையான செடி சில வாரத்தில் திரும்பத் துளிர்க்கும். கன்று சிறியதாக இருந்து ஒரு இலையும் மிச்சமில்லை என்றால் மட்டும் சில புழுக்களை எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். செண்பகமும் புலுனியும் வந்து பாதியைத் தின்றுவிடும், அதையும் விடுங்கள்.

பக்கத்துக் காணியில் கத்தரிக்கு மருந்து அடிக்கிறார்கள். நான் ஆவாரை வைத்தால் வண்டுகளைச் சாவுக்கு அழைப்பதாகாதா?

நியாயமான கவலை. இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, காற்றின் போக்கைப் பார்த்து நடுவது. கோடையில் கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. மருந்தடிக்கும் காணி உங்களுக்கு மேற்கே இருந்தால் ஆவாரையை வளவின் கிழக்கு ஓரத்தில், வீட்டு மறைப்பில் வையுங்கள்.

மற்றது, பக்கத்துக் காணிக்காரரோடு பேசுவது. சண்டைக்குப் போகவேண்டாம். "அண்ணன், காலையில பூவுக்கு வண்டு வாற நேரம், மருந்தைப் பொழுதுபட அடிங்களன்" என்று கேட்டால் பலர் கேட்பார்கள். இந்த வண்டுகள் அதிகம் வேலை செய்வது காலையில், பொழுதுபட்டதும் அடங்கிவிடும். அவருடைய கத்தரி கூடுதலாகக் காய்ப்பதும் இந்த வண்டால்தான் என்பதைச் சொல்லுங்கள். பூவில் இருக்கும் கருவண்டை ஒருமுறை கையோடு காட்டிவிட்டால் இன்னும் நல்லது. வேரிலும் விதையிலும் போடும் நியோனிகோட்டினாயிட் வகை மருந்துகள் செடிக்குள் ஏறி மகரந்தம் வரை போகக்கூடியவை. அவற்றுக்கு மாலை நேரம் பரிகாரம் ஆகாது, அவற்றைத் தவிர்க்கும்படிதான் கேட்க வேண்டும்.

கருவண்டு கொட்டுமா? கூரை மரத்தைத் துளைத்துவிடுமே.

ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணைக் கையில் பொத்திப் பிடித்தால் கொட்டும், இல்லாவிட்டால் உங்களை ஏறிட்டும் பார்க்காது. பூவிலிருக்கும் வண்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நின்று பார்க்கலாம். குளவிக்கூடு கண்டால் விலகவேண்டும் என்பதை வேறாகச் சொல்லிக் கொடுங்கள், இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த வேண்டாம்.

மரம் துளைப்பது உண்மைதான். பெயின்ட் அடிக்காத, காய்ந்த, மெதுவான மரத்தையே தேடும். கைமரங்களுக்கு எண்ணெய் பூசுங்கள். அதோடு வளவு மூலையில் காய்ந்த முருங்கைக் கொம்பு, பட்டுப்போன கட்டை ஒன்றிரண்டை நிமிர்த்தி நட்டுவிடுங்கள். அதில் இடம் இருந்தால் கூரைக்கு வரும் தேவை குறையும்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் பொந்து போடுவது. பழைய மண்சுவர், கிணற்றடி மண்மேடு, அணைக்கட்டின் வெறும் சரிவு அதற்கு வீடு. முற்றத்தை முழுதும் சீமெந்து போட்டு மூடினால் ஆவாரை நட்டும் பயனில்லை. மணல் முற்றம் கூட்டி வைத்திருக்கும் நம் வழக்கம் இந்தத் தேனீக்களுக்குத் தோதானதே. சருகைக் கூட்டி எரிப்பதை மட்டும் செடிகளுக்குத் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் எரிக்காமல் குவித்து மக்க விடுங்கள்.

ஆடு, மாடு?

வளர்ந்த ஆவாரையை மாடு விரும்பித் தின்பதில்லை. மேய்ச்சல் தரையில் மற்றவை போய் ஆவாரை மட்டும் நிற்பது அதனால்தான். கன்றை ஆடு கடிக்கும், மாடு மிதிக்கும், ஆகவே முதல் வருடம் முட்கொப்பு வைத்து அடையுங்கள்.

எத்தனை செடி, எவ்வளவு இடைவெளி? வெட்டலாமா?

தனிப்புதராக வளர்க்க ஒன்றரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர். வேலியாக்க இரண்டடி முதல் மூன்றடி. ஒரே செடியை விட நாலைந்தைக் கூட்டமாக வைப்பது மேல், வண்டு தூரத்திலிருந்தே காணும்.

காய் முற்றி விதை எடுத்த பிறகு, மழைக்குச் சற்று முன்னால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். அடியிலிருந்து புதுக்கிளை வரும், அதில்தான் பூ நிறையப் பிடிக்கும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டுங்கள், பூ இல்லாத மாதம் வராது. முதல் பூவைக் காண விதைத்த பிறகு ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும்.

உண்ணிச்செடிக்கு வண்ணத்துப்பூச்சி நிறைய வருகிறதே, அது போதாதா?

வருகிறது. ஆனால் லன்டானா எனப்படும் அந்த உண்ணிச்செடி வெளியிலிருந்து வந்து காடுகளை மூடிப் படர்வது. பறவை அதன் பழத்தைத் தின்று எங்கும் போடும். புதிதாக நடவேண்டாம்.

பூவைப் பறித்துத் தேநீர் போடலாமா?

ரணவராத் தேநீர் குடிப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம், கடையில் பக்கெட்டாகவும் இருக்கிறது. பூச்சிகளுக்காக நட்டவர் ஒரு செடியில் கால்வாசிப் பூவுக்கு மேல் எடுக்க வேண்டாம். அதையும் காலை வண்டுகள் வந்து போன பிறகு எடுங்கள்.

மருந்தென்று நம்பித் தினமும் நிறையக் குடிப்பதை நான் சொல்லமாட்டேன். கல்லீரலுக்கு ஆகாத பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இந்தச் செடியில் இருப்பதை இலங்கையில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு ஆவாரம்பூவுக்கு மாறவே கூடாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

விதை எங்கே எடுப்பது?

ரோட்டோரத்திலோ தெரிந்தவர் காணியிலோ நிற்கும் புதரில், காய் பழுப்பாகி அசைத்தால் சலசலக்கும்போது எடுங்கள். ஒரே புதரில் எல்லாம் எடுக்காமல் பல புதரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், பாதியையாவது செடியிலேயே விடுங்கள். குமன போன்ற தேசிய பூங்காவுக்குள் எதையும் பறிப்பது சட்டப்படி குற்றம், அங்கே எடுக்க வேண்டாம். காய்களை நிழலில் உலர்த்தி, விதையைப் பிரித்து, கொஞ்சம் சாம்பல் கலந்து மூடிய போத்தலில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. போத்தலில் எடுத்த இடத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். மிச்ச விதையை அடுத்த செப்டெம்பருக்கு முன் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், வெந்நீரில் ஊறவைக்க வேண்டும் என்பதையும் சொல்லியே கொடுங்கள்.